பேங்கில் பணம் இருந்தும் சம்பளம் போட முடியல: டிரஸ்ட் பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

கேள்வி
சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையத்தில் கணக்கு பார்க்கிறேன். அம்மாக்கள் நடத்தும் சத்துமாவு யூனிட்டும் உண்டு. வருஷ பட்ஜெட்டில் மூணு லட்சம் உபரி. ஆனா நவம்பரில் பேங்கில் 6,40,000 இருந்தும் 1,85,000 சம்பளம் போட முடியல. அதில் 5,50,000 வேன் வாங்க வந்த சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும்) பணம். "அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி மாவு லாபத்துல மையத்தை நடத்தலாம், உற்பத்தியை ரெட்டிப்பாக்குங்க"ன்னு ஒரு டிரஸ்டி சொல்றார். மாவு கிலோ 120 ரூபாய், கடைக் கமிஷன் 20 சதவீதம். தானியம் 58, வறுத்து அரைக்க 10, கவர், லேபிள் 9, கூலி 23. என்ன செய்யலாம்?

பதில்
முதல்ல மாவு. கமிஷன் 24 போனா கைக்கு 96. செலவு 100. கிலோவுக்கு நாலு ரூபாய் நஷ்டம். ரெட்டிப்பாக்கினா நஷ்டமும் ரெட்டிப்பு. அரவிந்தை டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பிச்சார். காசு கட்டும் நோயாளிகளிடம் செலவு போக மிஞ்சியதால்தான் இலவச சிகிச்சை தர முடிஞ்சது. 1992ல் ஆரோலேப்னு சொந்தத் தயாரிப்பு யூனிட் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செஞ்சு செலவையும் இறக்கினாங்க. உங்க மாவுல மிச்சமே இல்லையே! அதே 120க்கு பெற்றோர்களிடமும் அக்கம்பக்கத்திலும் நேரடியா வித்தா கிலோவுக்கு 20 நிக்கும். அம்மாக்களோட கூலியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீங்க.

அடுத்து பட்ஜெட் ஷீட். வருஷக் கூட்டுத்தொகையை நம்பாதீங்க, ஏப்ரல் முதல் மார்ச் வரை மாசாமாசம் பிரிங்க. சம்பளமும் வாடகையும் மாசம் தவறாது. சிஎஸ்ஆர் தவணை அப்படி வராது, முதல் தவணைக்குச் செலவுச் சான்று கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தது. கையிருப்பை ரெண்டு வரியா எழுதுங்க: இன்ன வேலைக்குன்னு வந்த பணம், பொதுப்பணம். நவம்பரில் உங்க பொதுப்பணம் 90,000தான். அந்தப் பள்ளம் ஜூன் மாசமே ஷீட்டில் தெரிஞ்சிருக்கும். அடுத்த விண்ணப்பத்தில் சம்பளத்துக்கும் ஒரு பங்கு கேளுங்க. கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை, தெரபிஸ்ட் இல்லாம வேன் பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகும்?

இன்னொரு பதில் (ஆடிட்டர்)
மேலே சொன்னதோட ஒண்ணு. வருமான வரி விலக்குக்கு, வருஷ வருமானத்தில் 85 சதவீதம் அறப்பணிக்குச் செலவாகணும். மிச்ச 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். உங்க ரிசர்வ் (அவசரத்துக்கான சேமிப்பு) அதிலிருந்துதான் வளரணும். பணத்தைக் கொடுத்து முடிச்சால்தான் செலவுக் கணக்கில் சேரும். மார்ச் சம்பளத்தை ஏப்ரலில் போட்டா இந்த வருஷத்தில் சேராது. வேன் மார்ச்சுக்குள் வராதுன்னா வருமான வரித் துறைக்குக் காரணம் குறிப்பிட்டுப் படிவம் கொடுத்து அந்தப் பணத்தை 5 வருஷம் வரை ஒதுக்கி வைக்கலாம். கெடு தாண்டுறதுக்குள்ள உங்க ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க.

கேட்டவர்
ரெண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை டிரஸ்டி கூட்டத்தில் மாவுக் கணக்கை முதல்ல வைக்கிறேன்.