அவுட்லைன் ஃபைலில் மெட்டாடேட்டாவை எப்படிப் பிரிப்பது?

ஓரவரி:

வணக்கம். ஒரு பெரிய கையேட்டின் அவுட்லைனை ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருக்கிறேன். உள்தள்ளல்தான் படிநிலை. நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே அதன் விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவைச் சேர்க்கிறது:

    - பிழைகளைத் தொகுத்தல்
      ஐடி: 417206
      உருவானது: 2023-03-11
      மாறியது: 2024-08-02 21:14
      மடிப்பு: ஆம்
      - யார் பதிவு செய்வது

தலைப்பு ஒரு வரி, அதற்கு வால் நாலு வரி. என்னோடு சேர்ந்து எழுதுபவர் சாதாரண எடிட்டரில்தான் திறப்பார். அவருக்கு இந்த வால் முழுவதும் இடைஞ்சல். ஒரு தலைப்பை மடித்து, அதாவது உள்தலைப்புகளை மறைத்து, திறந்தாலே இரண்டு வரி மாறிவிடுகிறது. கிட் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) காட்டும் டிஃபை, அதாவது மாறிய வரிகளைப் பார்த்தால் நாங்கள் எழுதியது எது, ஸ்கிரிப்ட் எழுதியது எது என்று தேட வேண்டியிருக்கிறது. இருவர் மாற்றங்களையும் இணைக்கும்போது மோதல் (மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்) வருவதும் பெரும்பாலும் இந்த வரிகளில்தான்.

எல்லாவற்றையும் தனி ஃபைலுக்கு மாற்றிவிடலாமா? மாற்றினால் எந்த விவரம் எந்தத் தலைப்புடையது என்பதை எதை வைத்துச் சொல்வது? வரி எண்ணா, தலைப்பின் ஹாஷா (அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு)? உரையில் ஒரு குறிகூட இல்லாமல் வைத்திருக்க வழி உண்டா?

---

ஆலம்விழுது:

மெட்டாடேட்டா என்று ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே போடாதீர்கள். உங்கள் நாலு வரியும் நாலு ரகம். ஒவ்வொன்றையும் பார்த்து, இது தொலைந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள்.

மடிப்பு தொலைந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. அது உங்கள் திரையின் நிலை. கையேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. லாக்சீக் என்ற குறிப்பெடுக்கும் செயலி மார்க்டவுன் (எளிய டெக்ஸ்ட் வடிவம்) ஃபைலில் வேலை செய்யும்போது, ஒரு பிளாக்கை மடித்தால் அதை ஃபைலுக்குள்ளேயே ஒரு வரியாக எழுதிவைக்கும். தனியாக வேலை செய்பவருக்குப் பரவாயில்லை. இரண்டு பேர் என்றால் ஒருவர் மடித்தது இன்னொருவர் கமிட்டில் (கிட்டில் பதியும் மாற்றத் தொகுப்பில்) வந்து நிற்கும். இதை ஃபைலிலிருந்தும் கிட்டிலிருந்தும் முதலில் வெளியேற்றுங்கள்.

"மாறியது" வரியைக் கிட்டே சொல்லும். ஒரு குறிப்பிட்ட வரி வரம்பின் வரலாற்றை மட்டும் கிட் லாகில் பார்க்க முடியும். ஆனால் ஃபைல் சிஸ்டம் காட்டும் மாற்ற நேரத்தை நம்பாதீர்கள். கிட் அதைச் சேமிப்பதில்லை. புதிதாகக் குளோன் செய்தால் (கிட்டிலிருந்து முழு நகல் எடுத்தால்) எல்லா ஃபைலுக்கும் குளோன் செய்த நேரம்தான் வரும்.

ஐடி மட்டும் உரையிலேயே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரி எண் ஏன் ஆகாது என்பதற்கு ஓபிஎம்எல் என்ற அவுட்லைன் ஃபைல் வடிவம் நல்ல உதாரணம். எந்தத் தலைப்புகள் விரிந்திருக்கின்றன என்பதை அது ஃபைலின் தலைப்பகுதியில் வரி எண்களின் பட்டியலாக வைக்கும். அவுட்லைனரே திறந்து அவுட்லைனரே சேமிக்கும்வரை சரி. வேறு எடிட்டரில் மேலே ஒரு வரியைச் சேர்த்தால், கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போய்விடும். உங்கள் நண்பர் தினமும் செய்வது அதைத்தான்.

தலைப்பின் ஹாஷ் இன்னும் மோசம். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே தொடர்பு அறுந்துவிடும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. "தொகுத்தல்" என்பதில் உள்ள "தொ"வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹாஷ் வேறாகிவிடும். ஹாஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் நார்மலைஸ் செய்ய, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு குறிகூட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். லியோ என்ற அவுட்லைன் எடிட்டரில் "கிளீன்" என்று ஒரு வகை இருக்கிறது. வெளி ஃபைலில் எந்தக் குறியும் இருக்காது. அமைப்பு முழுவதும் லியோவின் சொந்த ஃபைலில் இருக்கும். வெளியே யாராவது திருத்தினால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்த வரி எந்தக் கணுவுக்கு (அவுட்லைனின் ஒரு தலைப்புக்கு) உரியது என்று அது கண்டுபிடிக்கும். அருமையான வேலை. ஆனாலும் இரண்டு கணுக்களின் எல்லையில் புகுந்த வரி யாருடையது என்பது ஊகம்தான். இரண்டு பேர் திருத்தும் ஃபைலில் அந்த ஊகத்தை நான் நம்ப மாட்டேன்.

நான் பயன்படுத்தும் வடிவம் இது:

    - பிழைகளைத் தொகுத்தல் #மறுபார்வை ^417206
      - யார் பதிவு செய்வது

ஐடி வரியின் கடைசியில் இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தலைப்பை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும் கூடவே வரும். கீழ்வரியில் இருந்தால் அது பின்தங்கிவிடும். இன்னொரு இடத்திலிருந்து சுட்டப்படும் தலைப்புக்கு மட்டும் ஐடி கொடுத்தால் போதும். மேலே உள்ள உள்தலைப்புக்கு அது இல்லை, பாருங்கள்.

---

தட்டச்சு:

டேக் (# போட்டு எழுதும் குறிச்சொல்) பற்றி ஒன்று. அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (உரையில் தேடுவதற்கான சூத்திரத்தால்) பிடிப்பீர்கள் என்றால் கவனம். பைத்தானோடு வரும் "ரீ" மாட்யூலில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (எழுத்து என்பதற்கான குறி) தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. "#மறுபார்வை" என்பதில் "மற" மட்டும்தான் கிடைக்கும். இடைவெளி வரும்வரை எல்லாவற்றையும் எடு என்று எழுதிவிடுங்கள்.

பழைய வரிகளை நீக்கும்வரை டிஃப் இரைச்சலைக் குறைக்க, கிட் 2.30 முதல் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பேட்டர்னைக் கொடுத்தால், மாறிய வரிகள் எல்லாமே அதற்குப் பொருந்தும் இடங்களை டிஃப் காட்டாது. பார்வைக்கு மட்டும்தான், கான்ஃப்ளிக்டைத் தடுக்காது.

---

ஓரவரி:

இருவருக்கும் நன்றி. மடிப்பும் மாற்ற நேரமும் போகட்டும். "உருவானது" மட்டும் மனசு கேட்கவில்லை. பழைய ஃபைல்களிலிருந்து ஒட்டிய பகுதிகளுக்குக் கிட் வரலாறு கிடையாது. எந்தத் தகவல் எவ்வளவு பழையது என்று இதை வைத்துத்தான் பார்க்கிறோம்.

---

ஆலம்விழுது:

அப்படியென்றால் உங்களுக்குத் தேவை உருவான தேதி இல்லை, கடைசியாகச் சரிபார்த்த தேதி. 2023-இல் எழுதியதைப் போன மாதம் யாராவது சரிபார்த்திருந்தால் அது புதிய தகவல்தான். அதை ஒரு மனிதர் பார்த்து, தன் கையால் எழுத வேண்டும்: "சரிபார்த்தது: 2024-08". அது உள்ளடக்கம். உரைக்குள் கௌரவமாக உட்காரட்டும். ஸ்கிரிப்ட் அதைத் தொடவே கூடாது. இருக்கும் "உருவானது" தேதிகளைத் தனி ஃபைலில் ஐடியோடு பத்திரப்படுத்துங்கள்.

அந்தத் தனி ஃபைலில் ஒரு ஐடிக்கு ஒரு வரி, ஐடி வரிசையில். இருவரும் வேறு வேறு தலைப்பில் வேலை செய்தால் அநேகமாகக் கான்ஃப்ளிக்ட் வராது. உரையில் காணாத ஐடியை உடனே அழித்துவிடாதீர்கள். அது இன்னொருவரின் பிராஞ்சில் (இன்னும் இணைக்காத கிளையில்) இருக்கலாம். ஐடி எண்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். இருவரும் ஒரே நாளில் அடுத்த எண்ணை எடுத்தால் இரண்டு தலைப்புக்கு ஒரே ஐடி ஆகிவிடும். ஆறு இலக்க ரேண்டம் எண் போதும்.

---

ஓரவரி:

சரி, "சரிபார்த்தது" எங்களுக்குப் பொருந்துகிறது. ஒரு தலைப்பை ஐடியோடு காப்பி செய்து ஒட்டினால்? நண்பர் அதை அடிக்கடி செய்வார்.

---

ஆலம்விழுது:

கமிட்டுக்கு முன் ஓடும் ஹுக்கில் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டில்) இரட்டை ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு வரி எண்களையும் காட்டி கமிட்டை நிறுத்துங்கள். ஸ்கிரிப்ட் தானாக ஒன்றை மாற்றக் கூடாது. எது அசல், எது நகல் என்று அதற்குத் தெரியாது. நகலிலிருந்து ஐடியை நீக்க உங்கள் நண்பருக்கு ஒரு நொடி ஆகும்.