டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் ரொம்பக் கனம், ஸ்பிரிங்கைத் தேய்க்கலாமா?

திருவான்மியூர்_தாத்தா:
வணக்கம். என்னிடம் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வரின் வம்சம், ஆறு ரவுண்டு, நடுவில் மடங்கித் திறக்கும் ரகம். பதினோரு வருடமாக ஒரு தொல்லையும் தந்ததில்லை. 2024 மக்களவைத் தேர்தல் அறிவித்ததும் மார்ச்சில் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஜூனில் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் வினை.

ஹாமரை (ரவுண்டை அடிக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுட்டால் அவ்வளவாகத் தெரியவில்லை. டிரிகரை மட்டும் இழுத்துச் சுட்டால், அதாவது டபுள் ஆக்‌ஷனில், கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இருக்கிறது. போன ஞாயிறு காலை கிளப்பில் முதல் ஆறில் இரண்டு வெடிக்கவே இல்லை, பிரைமரில் (ரவுண்டின் அடியில் அடிபட்டுத் தீப்பற்றும் சின்ன மூடி) லேசான பள்ளம் மட்டும் விழுந்திருந்தது. அரை நிமிடம் இலக்கை நோக்கியே பிடித்திருந்துவிட்டு மறுபடி அடித்ததில் வெடித்தன. போகப் போக டிரிகரும் இளகியது. கை பழகியதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்பத்தூரில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தேய்த்து இலகுவாக்கித் தருகிறேன் என்கிறார். எனக்கு வயது 66, விரலில் வலு குறைவு. கொடுக்கலாமா?

ஸ்பேனர்_செல்வம்:
தாராளமா கொடுங்க சார். ஸ்பிரிங்கை மெலிசாக்கினா டிரிகர் வெண்ணெய் மாதிரி வரும். வெளிநாட்டு வீடியோவில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய_ஆர்மரர்:
செல்வம் தம்பி, அவசரப்படாதீங்க. சார், பட்டறைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். அவரிடம் அது இல்லை. வம்பு உங்கள் லைசென்ஸுக்கும் வரும், அவர் பிழைப்புக்கும் வரும்.

அதை விடுங்கள், நீங்கள் எழுதியதிலேயே ஒன்று இடிக்கிறது. ஸ்பிரிங் பலமாக இருந்து டிரிகர் கனத்தால், ஹாமர் அடியும் பலமாக விழ வேண்டும். உங்களுக்கோ இழுவையும் கனம், அடியும் மெலிவு. அப்படியானால் நடுவில் எதுவோ பிடித்து இழுக்கிறது. இதில் ஸ்பிரிங்கையும் மெலிதாக்கினால் ஆறில் இரண்டு என்பது ஆறில் நாலாகும்.

நாலு கேள்வி. காலியாக இருக்கும்போதும் கனமா? ஆறு அறைக்கும் ஒரே மாதிரியா, ஒன்றிரண்டில் மட்டுமா? எங்கே வைக்கிறீர்கள்? கடைசியாக என்ன எண்ணெய் போட்டீர்கள்?

குண்டு_கணேசன்:
ரவுண்டு போட்டால் மட்டும் கனம் என்றால் பிரைமர் துருத்திக்கொண்டு பின்பக்கத் தகட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். காலி ரவுண்டைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் வேகாத மருந்துத் துணுக்கு நாலு விழுந்தாலும் சிலிண்டர் முரண்டு பிடிக்கும். எனக்கு ஒருமுறை ஆயிற்று. காய்ந்த பல்துலக்கி பிரஷ்ஷால் தேய்த்ததும் தீர்ந்தது.

திருவான்மியூர்_தாத்தா:
நட்சத்திரத்தின் அடி சுத்தமாக இருக்கிறது. காலியாக இருந்தாலும் கனம்தான், ஆறு அறைக்கும் ஒரே மாதிரி. இருப்பது படுக்கையறை பீரோவின் லாக்கரில். அந்த அறையில் ஏசி எப்போதும் 21இல் ஓடும். எண்ணெய்... ஸ்டேஷனில் மூன்று மாதம் கிடந்தால் துருப்பிடிக்குமே என்று கொடுப்பதற்கு முதல் நாள் தாராளமாக விட்டேன். வீட்டிலிருந்த செக்குத் தேங்காய் எண்ணெய்.

பழைய_ஆர்மரர்:
சார்! மார்கழிக் காலையில் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாதே, பார்த்ததில்லையா? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் லாக்கருக்குள் வருடம் முழுக்க மார்கழிதான்.

டபுள் ஆக்‌ஷனில் ஒரே இழுப்பில் டிரிகர் சிலிண்டரையும் சுற்ற வேண்டும், ஹாமரையும் தூக்க வேண்டும், கடைசியில் விடுவிக்கவும் வேண்டும். உறைந்த எண்ணெய் அத்தனை இடத்திலும் மெழுகாக நிற்கிறது. ஹாமரும் அதில் நீந்தித்தான் விழுகிறது, அடி மெலிகிறது. வெளியே வந்து வெயில் ஏற ஏற மெழுகு இளகியிருக்கிறது. உங்கள் கை பழகவில்லை!

லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் எடுத்துப் போய், அவரது மெக்கானிக்கிடம் உள்ளே திறந்து கழுவித் துடைத்துத் தரச் சொல்லுங்கள். நீங்களாக மூடியைத் திறக்க வேண்டாம். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய், உரசும் இடத்துக்கு ஒரு சொட்டு. ரவுண்டுகளில் எண்ணெய் படவிடாதீர்கள், கசிந்து உள்ளே போனால் பிரைமர் செத்துவிடும்.

ஏசி அறையிலிருந்தும் மாற்றுங்கள். குளிர்ந்த இரும்பு நம்மூர்க் கடல்காற்றில் பட்டதும் ஃப்ரிட்ஜ் பாட்டில் மாதிரி வியர்க்கும், உள்ளே துரு வரும். தோல் உறையிலும் வைத்துப் பூட்ட வேண்டாம்.

ஸ்பேனர்_செல்வம்:
அண்ணே, நான் சொன்னது தப்புதான். ஆனால் பாலிஷ் போட்டால் இலகுவாகும் என்பது உண்மைதானே?

பழைய_ஆர்மரர்:
உண்மைதான், தெரிந்தவர் கையில். ஹாமரும் டிரிகரும் பிடிக்கும் முனைகளில் கடினமாக்கிய மேல்தோல் மெல்லிசு. கோணம் மாறாமல் மெருகு மட்டும் ஏற்ற வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் தோல் போய் சீக்கிரம் தேயும், இழுத்து வைத்த ஹாமர் தட்டினாலே விழும். அதைவிட மருந்தில்லாத டம்மி ரவுண்டு போட்டு, சுவரைப் பார்த்துத் தினம் ஐம்பது இழுப்பு. பாகங்களும் பழகும், தாத்தாவின் விரலும் தேறும். உண்மை ரவுண்டு வேறு அறையில் இருக்கட்டும்.

திருவான்மியூர்_தாத்தா:
பத்து நாள் கழித்து வருகிறேன். மெக்கானிக் திறந்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு, உறைந்த நெய் மாதிரி. கொடுப்பதற்கு முன் துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் டிரிகரை மாட்டி இழுத்தேன்: ஆறே கால் கிலோ. கழுவி வந்தபின் நாலே முக்கால். ஸ்பிரிங்கில் கை வைக்கவில்லை. நேற்று கிளப்பில் முப்பது ரவுண்டு, முப்பதும் வெடித்தன.

எண்ணெய் எங்கே போயிற்று என்று அப்போதே தேடிய என் மனைவிக்கு இன்றுதான் பதில் சொன்னேன்.