குதிரைக்கு விற்றமின் தூள்: பையில் பதிவு இலக்கம் இருந்தால் போதுமா?

உப்புவெளிக் கரை:
கடற்கரைச் சவாரிக்கு நிற்கிற மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்குப் புல்லோடு ஒன்றரைக் கிலோ தவிடு. மயிர் மங்கிப்போய்க் கிடக்குது. கடையில் மாட்டு மினரல் தூளும், கோழிக்குரிய விற்றமின் ஈ - செலனியம் (துளியளவே தேவைப்படுகிற தாது) கரைசலும் தரலாம் என்கிறாங்க. ரெண்டிலும் பதிவு இலக்கம் இருக்கு. நம்பிக் கொடுக்கலாமா?

சட்டப்புள்ளி:
இலங்கையில் தீவனத்துக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் இருக்கு. அதைப் பார்க்கிறது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். ஆனால் மாட்டுக்கு என்று பதிந்த பொருள், மாட்டுக்குத்தான் பதிந்தது. குதிரைக்கு ஆகுமா என்று அந்த இலக்கம் சொல்லாது. அமெரிக்காவிலும் கதை இதுதான்: மனிதருக்கான 1994ஆம் ஆண்டுச் சப்ளிமென்ட் (சத்துத் தூள், மாத்திரை) சட்டம் விலங்குக்குச் செல்லாது, ஒன்றில் தீவனம், இல்லாட்டி மருந்து. “மூட்டு வலி மாறும்” என்று லேபிளில் போட்டிருந்தால் அதை மருந்தாகவே எடுத்து, மிருக வைத்தியரிடம் கேளுங்க.

குளம்பு:
முதலில் நிறையைக் கணக்குப் பாருங்க. நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்க (அளவு சென்ரிமீற்றரில்). சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 265 கிலோ.

அந்த நிறைக்கு ஒரு நாளைக்கு மொத்தமே அரை மில்லிகிராம் செலனியம் போதும். தூளில் கிலோவுக்கு 20 மி.கி. என்று இருந்தால், 50 கிராமிலேயே 1 மி.கி. வந்திடும். அதுக்கு மேல கரைசலும் வேண்டாம். கூடினால் பிடரி, வால் மயிர் கொட்டும், குளம்பின் மேல் விளிம்பு வெடிக்கும். 2009இல் புளோரிடாவில் 21 போலோக் குதிரைகள் செத்தது, கலவையில் செலனியம் கூடிப்போன ஊசியால்தான்.

அதைவிடப் பயங்கரம் மொனென்சின், மாட்டுத் தீனியிலும் கோழித்தீனியிலும் கலக்கிற ஒரு மருந்து. மாடும் கோழியும் தாங்கும். குதிரைக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 2–3 மி.கி. போதும் கொல்ல. 20 சதவீதப் பிரிமிக்ஸ் (தீனியில் கலக்கிற செறிந்த தூள்) என்றால், இந்தக் குதிரைக்கு மூன்று கிராம், ஒரு தேக்கரண்டிகூட இல்லை! அதே வகை மருந்தான சலினோமைசின் இன்னும் மோசம். மாற்று மருந்து கிடையாது. லேபிளில் இந்த ரெண்டு பெயரில் ஒன்று இருந்தாலும், சேர்மானமே எழுதாமல் விட்டிருந்தாலும் பையைத் தொடாதீங்க. கோழித்தீனி அள்ளின அகப்பையும் வாளியும் குதிரைப் பக்கம் வரக்கூடாது.

தம்பலகாமத்தான்:
மயிரைவிட எனக்குத் தவிடுதான் யோசனை, தம்பி. ஒன்றரைக் கிலோவில் பொஸ்பரஸ் 24 கிராம் அளவில், கல்சியம் ஒன்றரைக் கிராம்தான். நாள்பட்டால் எலும்பிலிருந்து கல்சியம் இழுபட்டு முகம் வீங்கும். தீனிக்குரிய சுண்ணக்கல் மா 90 கிராம் கலந்தால் கல்சியம் பொஸ்பரஸைப்போல ஒன்றரை மடங்காகும். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டிடாதீங்க, வாய் வெந்திடும். டைகல்சியம் பொஸ்பேற்றும் சரிவராது, அதிலயும் பொஸ்பரஸ்தான். பழந்தவிடு சிக்கு வாசம் அடிச்சால் கொட்டுங்க.

உப்புவெளிக் கரை:
கோழித்தீனியை ஏற்கனவே தின்றிருந்தால், அண்ணா?

குளம்பு:
தீனியை நிறுத்தி, சவாரியும் நடையும் இல்லாமல் அசையாமல் நிற்க வைங்க. இதயத் தசைதான் அடிபடும். வேர்வை, தள்ளாட்டம், கோப்பி நிறச் சிறுநீர் வருமட்டும் காத்திராமல் வைத்தியரைக் கூப்பிடுங்க. லேபிளையும் அரைக் கிலோ தீனியையும் கட்டி வைங்க, பரிசோதனைக்குத் தேவைப்படும்.