ஈகிள்ஸ் டிஃபென்சிவ் லைன்: நல்ல ஆளை ஏன் வெளியே உட்கார வைத்தார்கள்?

கேள்வி:
டிஃபென்சிவ் லைன் (தடுப்பவர்களின் முன்வரிசை) வீரர் ஜோர்டன் டேவிஸை, அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2022 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 13-வது ஆளாக எடுத்தது. அப்படிப்பட்டவர் 2024 சீசனில் பாதி ஸ்னாப்கூட (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ஸ்னாப்) ஆடவில்லை. இது வீண் இல்லையா?

பதில்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. 150 கிலோ உடம்போடு ஒவ்வொரு ஸ்னாப்பிலும் எதிரே நிற்கும் மலை மாதிரி ஆளை மோதித் தள்ள வேண்டும், சில சமயம் இரண்டு பேர் சேர்ந்து அமுக்குவார்கள், ஓய்வில்லாமல் ஆடினால் நாலாவது குவார்ட்டரில் (கடைசிக் கால் பகுதியில்) கால் நகராது. அதனால் எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று தெரிந்தால் டேவிஸ் இறங்கினார், பாஸ் (பந்தை எறிவது) வரும் என்றால் அதே வரிசையின் மில்டன் வில்லியம்ஸ் இறங்கினார். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 59-இல் பலனைப் பார்த்தோமே! பிளிட்ஸே (முன்வரிசையோடு கூடுதல் ஆட்களைப் பாய விடுவது) அனுப்பாமல், எதிரணியில் பந்தை எறியும் மஹோம்ஸை எறியும் முன்பே 6 முறை சாய்த்தார்கள் (இதுதான் சாக்). அதில் ஒன்று டேவிஸுடையது. 40-22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது.

பதில்:
சரி, அணிக்கு நல்லதுதான். வீரருக்கு? ஸ்னாப் குறைந்தால் சாக் குறையும், அடுத்த ஒப்பந்தத்தில் அது உதைக்கும்.

பதில்:
எப்போதும் இல்லை. வில்லியம்ஸ் அந்த சீசனில் ஏறக்குறைய பாதி ஸ்னாப்தான் ஆடினார், அப்புறம் பேட்ரியாட்ஸ் அணி அவருக்கு 4 வருடத்துக்கு 104 மில்லியன் டாலர் கொடுத்தது. ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாமைப் பாருங்கள், 2021-இல் அக்கிலீஸ் (குதிகால் தசைநார்) கிழிந்தவர், 2022-இல் மாற்று ஆளாக வந்தே 11 சாக், அதுவும் 34 வயதில்!

கேள்வி கேட்டவர்:
கிரஹாமை மறந்தே விட்டேன். நன்றி. ஆனாலும் டேவிஸை, பெரும்பாலும் பாஸ் வரும் மூன்றாவது டவுனிலும் (மூன்றாவது முயற்சியிலும்) கொஞ்சம் விட்டிருக்கலாம் என்பதில் நான் மாறவில்லை.