சுழல் கருவியில் ஈ-6: ஸ்லைடுகள் ஏன் இருண்டு வருகின்றன?

ஏரிக்கரை:

வணக்கம். ரொறொன்ரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், யாரோ பயன்படுத்திக் கைமாறி வந்த சுழல் கருவி (ஃபிலிம் டாங்கை வெந்நீர்த் தொட்டியில் சுழற்றுவது) ஒன்றைக் கொண்டு கலர் ஸ்லைடு ஃபிலிம் கழுவி வருகிறேன். கையில் இருப்பது ஈ-6 எனும் ஸ்லைடு கழுவும் முறைக்கான, மூன்று கரைசல்கள் கொண்ட கிட். அதாவது முதல் டெவலப்பர், கலர் டெவலப்பர், பிளீச்சும் ஃபிக்சரும் ஒன்றாகச் சேர்ந்த பிளிக்ஸ், அவற்றுக்குப் பின் ஸ்டெபிலைசர். ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 140 மி.லி. கரைசல் ஊற்றி, ஒருமுறை பயன்படுத்தியதும் கொட்டிவிடுகிறேன். நேரத்தைக் கிட்டின் தாளில் உள்ளபடியே கடைப்பிடிக்கிறேன். கருவியின் வெந்நீர்த் தொட்டி 38 பாகை செல்சியஸ் காட்டுகிறது.

படங்கள் எல்லாமே முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ மாறும் அளவு) அளவுக்கு இருண்டு வருகின்றன என்பதுதான் சிக்கல். அதே கேமராவில், அதே மீட்டரை நம்பி எடுத்த எக்டாக்ரோம் ஈ100 ஸ்லைடு ஃபிலிம் சுருளை லேப்பில் கழுவக் கொடுத்தபோது சரியாக வந்தது என்பதால், எக்ஸ்போஷரில் பிழை இல்லை என்று நினைக்கிறேன். குறிப்பிட்டுச் சொல்லும்படியான நிறச்சாய்வும் இல்லை. முதல் டெவலப்பரின் நேரத்தைக் கூட்டினால் போதுமா, அல்லது ஆறு கரைசல் கிட்டுக்கு மாறுவதுதான் வழியா?

ஸ்டாப்_கணக்கு:

ஸ்லைடு ஃபிலிமை ஒரு ஸ்டாப் புஷ் செய்ய, அதாவது கழுவும்போதே அவ்வளவு வெளிச்சம் கூட்ட, முதல் டெவலப்பரில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கூட்டுவது வழக்கம். அந்தக் கணக்கில் உங்களுக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். அடுத்த சுருளை அப்படிக் கழுவிப் பார்த்துவிடுங்கள். கிட்டை மாற்றும் செலவு இப்போது வேண்டாம்.

கரைசல்:

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரியானதே. ஆனால் இருட்டுக்குக் காரணம் தெரியாமல் நேரத்தைக் கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். புஷ் செய்யும்போது வெளிச்சம் மட்டும் கூடுவதில்லை. கான்ட்ராஸ்டும் நிறச் சமநிலையும் சேர்ந்தே நகர்கின்றன. அதோடு, உங்கள் அறையின் குளிர் மாறினால் அந்த ஒன்றரை நிமிடக் கணக்கும் மாறிவிடும்.

ஈ-6 முறையில் முதல் டெவலப்பர் என்பது கறுப்பு வெள்ளை டெவலப்பர்தான். ஒளி பட்ட வெள்ளி உப்பை அது உலோக வெள்ளியாக்குகிறது. அங்கே மாறாமல் எஞ்சும் வெள்ளி உப்பைத்தான் பின்னர் கலர் டெவலப்பர் எடுத்துக்கொண்டு சாயமாக்குகிறது. ஆகவே முதல் டெவலப்பர் குறைவாக வேலை செய்தால் எஞ்சுவது அதிகம், சாயம் அதிகம், படம் இருட்டு. நெகட்டிவ் கழுவிப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். நிறச்சாய்வு இல்லாமல் படம் முழுவதும் ஒரே சீராக இருண்டிருப்பது முதல் டெவலப்பரையே சுட்டுகிறது. ஃபிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட எண்களை லேப் சுருளோடு வைத்துப் பாருங்கள். கேமராவுக்கும் அந்த எண்களுக்கும் தொடர்பில்லை என்பதால், அவையும் மங்கியிருந்தால் குற்றம் கழுவுதலில்தான் என்பது உறுதியாகிவிடும்.

ஆனால் இன்னொரு சாத்தியத்தை முதலில் விலக்க வேண்டும். பிளிக்ஸின் வேலை வெள்ளியை நீக்குவது. அது முடியாவிட்டால் ஃபிலிமில் வெள்ளி தங்கிவிடும். அப்போதும் படம் இருண்டு, அழுக்குப் படிந்தது போல் மந்தமாகத் தெரியும். இதைச் சோதிப்பது எளிது. கழுவி முடித்த ஃபிலிமில் ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே, புதிய பிளிக்ஸில் மீண்டும் ஒருமுறை முழு நேரம் போட்டு, அலசி, ஸ்டெபிலைசரில் நனைத்து உலர்த்துங்கள். துண்டு தெளிந்தால் காரணம் பிளிக்ஸ். அப்படியானால் பழைய சுருள்கள் அனைத்தையும் இதே வழியில் மீட்டுவிடலாம். மாற்றமே இல்லையென்றால் முதல் டெவலப்பரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

என் சந்தேகம் வெப்பநிலை மீதுதான். முதல் டெவலப்பருக்குக் கோடாக் அனுமதிக்கும் விலகல் 38 பாகையிலிருந்து கூடவோ குறையவோ வெறும் 0.3 பாகை. கருவி காட்டும் 38 என்பது தொட்டி நீரின் வெப்பநிலை. டாங்கினுள் ஃபிலிமைத் தொடும் கரைசலின் வெப்பநிலை வேறு. குளிர்ந்த பிளாஸ்டிக் டாங்க், குளிர்ந்த ரீல், குளிர்ந்த ஃபிலிம் ஆகிய மூன்றையும் வெறும் 140 மி.லி. கரைசல் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல், சுழலும் டாங்கின் அடிப்பகுதி மட்டுமே நீரில் அமிழ்ந்திருக்கும். மேற்பகுதி அறைக் காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். கரைசல் ஊற்றுவதற்கு முன் டாங்கைக் காலியாகவே ஐந்து நிமிடம் வெந்நீரின் மேல் சுழலவிடுகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.

ஃபிலிம் இல்லாமல் ஓர் ஒத்திகை நடத்துங்கள். 38 பாகையில் 140 மி.லி. தண்ணீரை ஊற்றி, முதல் டெவலப்பருக்கு உரிய நேரம் முழுவதும் சுழலவிட்டு, வெளியே கொட்டிய உடனே அளந்து பாருங்கள். அளப்பதற்குக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். மனித உடலின் வெப்பநிலைக்காகவே செய்யப்பட்டது என்பதால் 38ஐ ஒட்டிய எல்லையில் அது பத்தில் ஒரு பாகை வரை நம்பத்தக்கது. இருட்டறைக்கென்று விற்கும் பல கண்ணாடி வெப்பமானிகளைவிட மேல். கருவியின் முகப்பு எண்ணைச் சரிபார்க்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

ஏரிக்கரை:

மிக்க நன்றி ஐயா. மீண்டும் பிளிக்ஸில் போட்ட துண்டில் எந்த மாற்றமும் இல்லை. ஓரத்து எண்கள் லேப் சுருளைவிடத் தெளிவாகவே மங்கியிருக்கின்றன. டாங்கை நான் முன்கூட்டிச் சூடாக்குவதில்லை. அறை இப்போது 17 பாகையில் இருக்கிறது. ஒத்திகையில் 38இல் ஊற்றிய தண்ணீர் 36க்கும் கீழே இறங்கி வெளிவந்தது. ஐந்து நிமிடம் சூடாக்கிய பிறகு ஊற்றியபோது 37.4. டாங்கை முதலில் வெந்நீரால் நிரப்பிச் சூடாக்குவது இதைவிட விரைவான வழியாகுமா? கழுவலின் இடையில் அலசுவதற்குக் குழாய் நீரையே எடுக்கிறேன். பனிக்காலத்தில் அது ஐஸ் போல வருகிறது.

கரைசல்:

வெந்நீரால் நிரப்ப வேண்டாம். நனைந்த ஃபிலிமின் ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். ரீலிலும் டாங்கிலும் ஒட்டிய நீர் 140 மி.லி. டெவலப்பரை நீர்க்கச் செய்யும். நெகட்டிவுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கலாம், ஸ்லைடுக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உலர்ந்த நிலையில் நீண்ட நேரம் சுழலவிடுங்கள். பிறகு தொட்டியின் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஊற்றும்போதும் கொட்டும்போதும் அளந்த இரண்டின் சராசரி 38 ஆகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் உங்கள் அறைக்கும் உங்கள் டாங்குக்கும் மட்டுமே உரியது.

அலசும் நீரையும் பாட்டில்களில் நிரப்பித் தொட்டியிலேயே சூடாக்கி வையுங்கள். ஐஸ் நீரால் அலசினால் டாங்க் முழுவதும் குளிர்ந்து, அடுத்து வரும் கலர் டெவலப்பர் பாழாகும். இத்தனை நாளும் உங்களுக்கு நிறம் பெரிதாகக் கெடாமல் இருந்தது வியப்புதான்.

கொங்கு_இருட்டறை:

கோவையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தொல்லை நேர்மாறானது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டி நீரே 38ஐ நெருங்கிவிடுவதுண்டு. கருவியிலுள்ள ஹீட்டருக்குச் சூடாக்கத் தெரியுமே தவிரக் குளிரவைக்கத் தெரியாது. அதனால் அந்த மாதங்களில் விடியற்காலையில்தான் கழுவ முடிகிறது.

ஆறு கரைசல் கிட் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் இருட்டை அது தீர்க்காது, ஏனெனில் முதல் டெவலப்பர் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகுதான். ஆறு கரைசல் முறையில் எஞ்சிய வெள்ளி உப்பைக் கலர் டெவலப்பருக்குத் தயார்செய்யும் ரிவர்சல் பாத் தனியாக இருக்கும். மூன்று கரைசல் முறையில் அந்த வேலையையும் கலர் டெவலப்பரே சேர்த்துச் செய்துவிடுகிறது. பிளீச்சையும் ஃபிக்சரையும் பிரித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒன்றாகக் கலந்த பிளிக்ஸ் பாட்டிலில் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. தனி பிளீச்சோ காற்றுப் பட்டால் மீண்டும் உயிர்பெறும், சுழல் கருவியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அதே காற்று டெவலப்பர்களுக்குப் பகை என்பதால், அவற்றை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடும் உங்கள் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கிட் மாறினால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஈ-6இல் சாயத்தைக் காக்கும் ஃபார்மால்டிஹைடு கடைசி ஸ்டெபிலைசரில் இருந்தது. பின்னர் கோடாக் அந்த வேலையை பிளீச்சுக்கு முன் வரும் ப்ரீ-பிளீச் கரைசலுக்கு மாற்றி, கடைசிக் கரைசலை வெறும் ஃபைனல் ரின்ஸ் ஆக்கிவிட்டது. செலவை மிச்சம் பிடிக்க ப்ரீ-பிளீச்சைத் தவிர்த்துவிட்டு ஃபைனல் ரின்ஸோடு முடித்தால், இன்று ஸ்லைடு அழகாகத்தான் தெரியும். நாள்பட நாள்பட மஜெந்தா சாயம் மங்கத் தொடங்கும்.

இன்னொன்று: ஜோபோ நிறுவனத்தின் 1520 போன்ற பெரிய டாங்கில் இரண்டு 35 மி.மீ. சுருள்களைச் சேர்த்துக் கழுவ எண்ணினால் 240 மி.லி. ஊற்ற வேண்டியிருக்கும். டாங்க் சுழல எவ்வளவு கரைசல் வேண்டும் என்பதும், ஒரு சுருளுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதும் வெவ்வேறு கணக்குகள். கிட்டின் தாளில் ஒரு லிட்டருக்கு எத்தனை சுருள் என்று போட்டிருப்பதைக் கொண்டு வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதை ஊற்றுங்கள்.

ஏரிக்கரை:

இருவருக்கும் நன்றி. தொட்டியைச் சற்றுக் கூட்டி வைத்து, உலர்ந்த நிலையில் பத்து நிமிடம் சுழலவிட்டதில் ஒத்திகைத் தண்ணீர் ஊற்றும்போது 38.2, கொட்டும்போது 37.8 என்று வந்தது. முதல் டெவலப்பரின் நேரத்தைத் தொடாமல் அடுத்த சுருளைக் கழுவி, ஓரத்து எண்களை லேப் சுருளோடு ஒப்பிட்டு எழுதுகிறேன். மூன்று கரைசல் கிட் தீரும்வரை அதையே பயன்படுத்துவேன்.