எஸ்யூஎஸ் மதிப்பெண் நாலு பேருக்குச் சரியாக 50 வருது, எங்கே தப்பு?

கிளிஞ்சல்:
மின்கட்டணம் கட்டும் செயலிக்குப் பயன்பாட்டுச் சோதனை. தமிழ்த் திரை, 50 வயது தாண்டிய ஆறு பேர். முடிவில் எஸ்யூஎஸ் (SUS) கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்தோம். பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் பத்து வரிகள்; ஒவ்வொன்றுக்கும் 1 (ஒத்துக்கொள்ளவே இல்லை) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை டிக், மொத்த மதிப்பெண் 0 முதல் 100 வரை. நாலு பேருக்கு அச்சடித்த மாதிரி 50. இவர்களில் இருவர் பில்லைக் கட்டி முடித்தார்கள், இருவரால் முடியவில்லை. எக்செல் சூத்திரத்தைச் சரிபார்த்தாச்சு. வேறு எதைப் பார்க்கணும்?

மீன்கொத்தி:
சூத்திரத்தில் தப்பு இருக்காது. தாள்களை எடுத்துப் பாருங்க, பத்து வரியிலும் ஒரே கட்டத்தில் டிக் இருக்கும். ஒற்றைப்படை வரிகள் புகழ்பவை. போட்ட எண்ணில் 1 கழிக்கிறோம். இரட்டைப்படை வரிகள் குறை சொல்பவை. 5-இலிருந்து போட்ட எண்ணைக் கழிக்கிறோம். கூட்டி 2.5-ஆல் பெருக்கல். எல்லாம் 5 என்றால் 20 + 0, எல்லாம் 4 என்றால் 15 + 5. பத்து வரிக்கும் ஒரே எண் என்றால், எந்த எண்ணைப் போட்டாலும் 20, அதாவது 50.

கிளிஞ்சல்:
அதேதான் சார். மூன்றில் எல்லாம் 5, ஒன்றில் எல்லாம் 4. இரட்டை வரிகளைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடலாமா?

மீன்கொத்தி:
கூடாது. திருப்பினால் எல்லாம் 5 போட்ட தாள் 100 ஆகிவிடும், பில்லே கட்ட முடியாதவரிடமிருந்தும்! பிடித்துப்போய் டிக் போட்டாரா, படிக்காமலே போட்டாரா என்று தாள் சொல்லாது. நாலையும் ஒதுக்குங்க.

அடுத்த சுற்றுக்கு, பத்து வரியும் புகழ்பவையாக உள்ள வடிவம் இருக்கு. பயன்பாட்டு ஆய்வாளர்கள் சௌரோவும் லூயிஸும் 2011-இல் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டதில் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லா வரிக்கும் 1 கழித்தால் போதும். 'தேவையில்லாத சிக்கல்' என்ற வரிக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று போடவேண்டிய குழப்பம் இதில் கிடையாது. மரியாதைக்காக 5 போடுவதை மட்டும் இது தடுக்காது. அதனால் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்க. வாசிப்பவர் செயலியை வடிவமைத்தவராக இருக்கவேண்டாம்.

வரிக்குதிரை:
ஆறு பேர் சராசரியை வைத்து என்ன செய்யப்போறீங்க? கட்டி முடிக்க முடியாத அந்த இருவர் எந்தத் திரையில் நின்றார்கள் என்பதைப் பாருங்க. மின் இணைப்பு எண்ணை டைப் அடித்துக் கொடுத்தீங்களா, ஈ.பி. கார்டைக் கொடுத்தீங்களா? பொத்தானில் 'கட்டணம் செலுத்து' என்றிருந்தால் என்ன செய்யணும் என்று அவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் பணித்தாளில் அந்தச் சொல்லே வரக்கூடாது. 'கரண்ட் பில் வந்திருக்கு, நாளைக்குக் கடைசி நாள்' என்று மட்டும் எழுதுங்க. 'எதை அழுத்தணும்?' என்று கேட்டால், 'நான் இல்லேன்னா என்ன செய்வீங்க?' என்று திருப்பிக் கேளுங்க. வாய்தவறிச் சொல்லிக்கொடுத்துட்டா, 'உதவியுடன் முடித்தார்' என்று தனியாகக் குறிக்கணும்.

கிளிஞ்சல்:
எண்ணைப் பெரிய எழுத்தில் டைப் அடித்துத்தான் கொடுத்தோம்.

வரிக்குதிரை:
அப்போ எண்ணைத் தேடி எடுக்கிற பகுதி சோதிக்கப்படவே இல்லை. சோதனைக் கணக்கின் எண்ணைக் கையால் எழுதின மாதிரிக் கார்டு தயார் பண்ணுங்க, ஒன்றில் மை மங்கியிருக்கட்டும். வரும்போது படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிடுங்க.