பனிவீட்டுக்குள் விளக்கு எரிந்தால் சுவர் உருகாதா?

கேள்வி: வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் பனிவீட்டுக்குள் கொழுப்பு விளக்கு எரியும் என்கிறார்கள். சுவர் உருகி ஒழுகாதா? வருஷம் முழுக்க அதில்தான் இருந்தார்களா?

பதில் 1: உருகும், கொஞ்சமாக. உருகிய ஈரத்தைச் சுவரின் பனியே உறிஞ்ச, அது வெளிக்குளிரில் உறைந்து, உட்சுவரில் கண்ணாடி மாதிரி படலமாகும். வீடு இறுகிவிடும். ஆனால் படலம் தடித்தால் வம்பு. குளிரைத் தடுப்பது பனிக்குள் அடைபட்ட காற்று. முழுக்க ஐஸாகிவிட்டால் அந்தக் காற்று போய்விடும். ஒழுகும் இடத்தில் ஒரு பிடி பனியை அப்புவார்கள். அது நீரை உறிஞ்சும். ஊறிக் கனத்து விழுமுன் மாற்ற வேண்டும்.

சுவருக்குக் கட்டி வெட்ட ஏதோ ஒரு பனி போதாது. ஒரே புயலில் காற்று இறுக்கிய பனி வேண்டும். இரண்டு மூன்று முறை படிந்ததென்றால் கட்டி அடுக்கு அடுக்காகப் பிளக்கும். அதனால்தான் முதலில் மெல்லிய கோலால் குத்திப் பார்ப்பது. முதல் வரிசையின் மேல்பக்கத்தைச் சரிவாகச் சீவினால் அடுத்த கட்டிகள் சுருளாக ஏறும்.

பதில் 2: விளக்கை விட்டுவிட்டீர்களே! அதன் பெயர் குல்லிக். மாக்கல்லில் குடைந்த அரைநிலா வடிவத் தட்டு. நேர்விளிம்பு நெடுக பாசியும் பருத்திப்புல் பஞ்சும் கலந்த திரி. சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்பை முதலில் அடித்து நசுக்கினால் எண்ணெய் சீக்கிரம் கசியும். திரியை அடிக்கடி நீவி, சுடரைத் தாழ்வாக ஒரே உயரத்தில் வைக்க வேண்டும், எழும்பினால் புகைக்கரிதான். கூரையில் காற்றுத்துளை கட்டாயம். அது அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுமுட்டும். வாசல் சுரங்கம் தரையைவிடத் தாழ்வு, படுக்கைத்திட்டு உயரம்: குளிர்காற்று கீழேயே தங்கிவிடும்.

பதில் 3: வருஷம் முழுக்க இல்லை. கோடையில் தோல் கூடாரம். கிரீன்லாந்தில் குளிர்காலத்துக்குக் கல்லும் புல்தரைக் கட்டியும் வைத்துக் கட்டிய வீடுகள். இனுயிட்டின் முன்னோரான தூலே மக்கள் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவியபோது திமிங்கில எலும்பையே கூரைச்சட்டமாக நிறுத்தினார்கள். பிற்பாடு குளிர் கூடி, கனடாவின் வடதுருவப் பகுதியின் நடுவில் திமிங்கில வேட்டை ஒடுங்கியது. உறைந்த கடலின் மேல் சீல் வேட்டைதான் கதி. ஒரு சீல் மூச்சுவிட உறைந்த பரப்பில் பல துளைகளை வைத்திருக்கும் என்பதால் துளைக்கு ஒருவராகப் பல பேர் காத்துக்கிடக்க வேண்டும். சுற்றுவட்டத்தில் சீல் தீர்ந்தால் முகாமே பெயரும். கல்வீட்டைத் தூக்கிப்போக முடியுமா? போன இடத்தில் பனியை வெட்டிக் கட்டிக்கொள்ளலாம்.